வாடை வராமல் மீன் சமைப்பது எப்படி? ரைஸ் குக்கரின் வரலாற்றிலிருந்து சில கேள்விகள்

சென்னைக்குப் படிக்க வந்த காலத்தில் எங்களில் பலருக்குச் சமையலறை என்று ஒன்று இருந்ததில்லை. ஓர் அறை, ஒரு ஜன்னல், சுவரில் ஒரு பிளக் பாயின்ட், தரையில் ஒரு ரைஸ் குக்கர். அவ்வளவுதான். சாவியைக் கையில் கொடுக்கும்போது வீட்டுக்காரர் சொன்ன முதல் நிபந்தனை வாடகைத் தேதியைப் பற்றியது அல்ல. "கவுச்சி மட்டும் சமைக்கக் கூடாது. நாங்க மேலேதான் இருக்கோம், வாடை வந்தா தெரிஞ்சிடும்" என்றார். நாங்கள் தலையாட்டினோம். அதற்கு முன் நான்கு வீடுகளில் ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, அப்பா பெயரைக் கேட்டு, பிறகு "ஏற்கெனவே வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்" என்று அனுப்பியிருந்தார்கள். ஐந்தாவது வீட்டில் வாதாடும் தெம்பு எங்களுக்கு இல்லை.

ஆனாலும் மீன் தின்றோம். ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ சங்கரா வாங்கி, மார்க்கெட்டிலேயே சுத்தம் செய்து, மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு பிசறி, வாழையிலையில் மடித்து, குக்கரில் சோறு முக்கால்வாசி வெந்ததும் மேல்தட்டில் வைத்து மூடுவோம். பத்துப் பன்னிரண்டு நிமிடம். பொரிக்கும் சத்தம் இல்லை, புகை இல்லை. வாடை ஜன்னலைத் தாண்டியதில்லை. மேல்வீட்டுக்குத் தெரியாமல் ஜெயித்துவிட்டதாகச் சிரித்துக்கொள்வோம்.

பல வருடங்கள் கழித்து, போன வருடம், அறை தேடி அலைந்து ஒருவழியாக இடம் பிடித்த முதலாமாண்டு மாணவி ஒருவர் எங்களிடம் கேட்டார்: "அக்கா, வாடை வராம மீன் செய்ய ஏதாவது வழி இருக்கா?" யோசிக்காமல் செய்முறையை ஒப்பித்துவிட்டோம். வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. நாம் அவருக்குச் சமையலைச் சொல்லிக்கொடுத்தோமா, ஒளிந்துகொள்ளச் சொல்லிக்கொடுத்தோமா?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது அந்த எளிய எந்திரத்தின் வரலாற்றுக்குள் போக வேண்டியிருந்தது.

அடுப்படியில் தொடங்கிய கதை

ஜப்பானில் சோறு சமைக்கும் பாரம்பரிய அடுப்புக்குக் கமாடோ என்று பெயர். மண்ணால் கட்டிய விறகடுப்பு. விடியலுக்கு முன் எழுந்து, விறகு மூட்டி, தீயைக் கூட்டி, குறைத்து, புகையில் கண் எரியக் காத்திருப்பது பெண்களின் வேலை. நம் ஊர் அடுப்படியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மின்சாரத்தில் சோறாக்கும் கருவிக்காகப் பல நிறுவனங்கள் முயன்றன. பிற்பாடு சோனி ஆன நிறுவனம்கூடத் தன் தொடக்க நாட்களில் மரத்தொட்டியில் மின்தகடுகளைப் பொருத்தி ஒரு குக்கர் செய்து பார்த்தது. சோறு ஒருநாள் குழைந்தது, ஒருநாள் வேகவில்லை. சந்தைக்கே போகாமல் அது நின்றுபோனது. கருவி சூடாக்கியது. எப்போது நிறுத்த வேண்டும் என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

தோஷிபா நிறுவனத்தின் ஷோகோ யமாடா சலவை எந்திரம் விற்க ஊர் ஊராகப் போனவர். வீட்டு வேலைகளிலேயே எது பெரும் சுமை என்று பெண்களிடம் கேட்டபோது, சோறாக்குவது என்ற பதில் கிடைத்தது. அவர் இந்த வேலையை யோஷிடாடா மினாமி என்ற சிறு பட்டறை முதலாளியிடம் ஒப்படைத்தார். மினாமிக்கு எந்திரம் தெரியும், சோறாக்கத் தெரியாது. அது தெரிந்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ.

நம் கவனத்துக்கு உரியவர் இந்த ஃபுமிகோதான். அவர் விறகடுப்பிலும் மற்ற அடுப்புகளிலும் திரும்பத் திரும்பச் சோறு வடித்துப் பார்த்தார். அரிசியின் அளவு, தண்ணீரின் அளவு, சூடு, நேரம் எல்லாவற்றையும் குறித்துவைத்தார். வெயிலிலும் குளிரிலும் மாதிரிக் கருவிகளைச் சோதித்தார். உடல்நலம் குன்றிய நிலையிலும் இது தொடர்ந்தது. கொதிநிலையில் ஏறத்தாழ 20 நிமிடம் நிறுத்திவைத்தால் சோறு பதமாக வேகும் என்பது இந்தச் சோதனைகளில் கிடைத்த முடிவு.

அதை எந்திரத்துக்குப் புரியவைக்க மினாமி கண்டுபிடித்த வழி எளிமையானது. ஒரு பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம். வெளிப்பாத்திரத்தில் ஒரு குவளைத் தண்ணீர். அது ஆவியாகித் தீர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். தண்ணீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. தீர்ந்ததும் வெப்பம் எகிறும். சூட்டில் வளையும் ஈருலோகத் தகடு அப்போது மின்சாரத்தைத் துண்டிக்கும். 1955 டிசம்பரில் தோஷிபா இதை 3,200 யென் விலைக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதலில் தயாரித்தவை 700. சில ஆண்டுகளிலேயே ஜப்பானில் ஏறத்தாழப் பாதி வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது.

பெட்டியின் மீது தோஷிபாவின் பெயர் இருந்தது. பல வருட உழைப்பைக் கொட்டிய ஃபுமிகோவின் பெயர் இல்லை. பின்னாளில் சிலர் தேடி எழுதியதால்தான் இன்று நமக்கு அவரைத் தெரிகிறது. யார் உழைப்பு பொருளாகிறது, யார் பெயர் வரலாறாகிறது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல.

சோற்றின் மேல் மீன் ஏறியது

அடுத்த ஆண்டே மாட்சுஷிதா நிறுவனம் நேஷனல் என்ற பெயரில் தன் குக்கரை இறக்கியது. பின்னர் பானாசோனிக் ஆனது இதுதான். இரட்டைப் பாத்திரம் இல்லாமல் நேராகச் சூடாக்கும் வகை அது. இன்று நம் அறைகளில் இருக்கும் சாதாரண குக்கர் இந்த வழியில் வந்தது. அடியில் ஒரு காந்தம். தண்ணீரை அரிசி குடித்து முடித்ததும் பாத்திரத்தின் அடிச்சூடு 100 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் காந்தம் தன் பிடியை இழக்கும். ஸ்பிரிங் விசையைத் தள்ளிவிடும். நாம் கேட்கும் 'டக்' சத்தம் அதுதான்.

1960-களில் ஹாங்காங்கில் நேஷனல் குக்கர் பரவியது. காண்டனீஸ் சமையலில் ஆவிக்குப் பெரிய இடம் உண்டு. இஞ்சியும் வெங்காயத்தாளும் வைத்து முழு மீனை ஆவியில் வேகவைப்பது அவர்களின் அன்றாடம். வேகும் சோற்றின் மேலேயே இறைச்சியையோ மீனையோ வைத்து ஒன்றாகச் சமைப்பதும் பழைய வழக்கம். நெருக்கமான குடியிருப்புகளில் ஒரே பிளக்கில் சோறும் குழம்புக்கு மாற்றும் கிடைக்கும் என்றால் விடுவார்களா? அங்கிருந்து படிக்கவும் பிழைக்கவும் வெளிநாடு போனவர்கள் குக்கரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்கள். ஆசியர்கள் எங்கு இருக்கிறார்களோ அங்கு ரைஸ் குக்கர் இருக்கும் என்ற பொருளிலேயே யோஷிகோ நகானோ 2009-ல் இதன் வரலாற்றை ஒரு நூலாக எழுதினார்.

நமக்கும் அது இரண்டு வழிகளில் வந்தது. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்பும்போது கொண்டுவந்தது ஒன்று. 1980-களின் கடைசியில் மாட்சுஷிதா சென்னையில் கூட்டு நிறுவனம் தொடங்கி இங்கேயே தயாரித்தது இன்னொன்று. ஆனாலும் சோறு வடித்துப் பழகிய தமிழ் வீடுகளில் அது உலையை முழுதாக வெல்லவில்லை. வீடு இல்லாதவர்களின் கருவியாகத்தான் வேர்விட்டது. ஹாஸ்டல், மேன்ஷன், கட்டடத் தொழிலாளர் தங்கும் இடம், வாடகை அறை.

ஆவியில் மீன் வேகவைப்பது என்னவோ அந்நிய வித்தை என்று நினைக்க வேண்டாம். நம் கடற்கரையில் சுறாவை மஞ்சள் போட்டு அவித்து உதிர்த்துப் புட்டு செய்வார்கள். வங்காளத்தில் இலிஷ் மீனைக் கடுகு அரைத்த விழுதில் புரட்டி மூடிபோட்ட டப்பாவில் அடைத்து, கொதிக்கும் சோற்றுப் பானைக்குள்ளேயே வைத்து வேகவைக்கும் வழக்கம் உண்டு. பார்சிகள் பச்சைச் சட்னி தடவி இலையில் மடித்து அவிக்கிறார்கள். விறகு அருமையாக இருந்த இடத்திலெல்லாம் ஒரே நெருப்பில் இரண்டைச் சமைக்க மக்கள் கற்றிருக்கிறார்கள். குக்கரின் மேல்தட்டு அந்த அறிவைத் தகரத்தில் வார்த்துக் கொடுத்தது, அவ்வளவே.

வாடை என்பது என்ன?

இனி வாடைக்கு வருவோம். கடல்மீன் செத்த பிறகு அதன் உடலில் உள்ள ஒரு சேர்மம் சிதைந்து டிரைமெத்திலமைன் என்ற பொருள் உருவாகிறது. மீன் வாடை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அதுதான். புளி, எலுமிச்சை போன்ற புளிப்பு பட்டால் அது காற்றில் எளிதில் பறக்காத உப்பாக மாறுகிறது. நம் பாட்டிமார் புளிக்கரைசலில் மீனை அலசியதற்குக் காரணம் இருந்தது. எண்ணெயில் பொரிக்கும்போது சூடு 170, 180 டிகிரிக்குப் போகிறது. நுண்ணிய எண்ணெய்த் துளிகள் வாடையைச் சுமந்து சுவரிலும் துணியிலும் ஒட்டுகின்றன. ஆவியிலோ 100 டிகிரிதான், எண்ணெய்த் துளிகள் இல்லை. இலையும் மூடியும் மிச்சத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ரைஸ் குக்கரில் அவித்த மீன் 'அடக்கமாக' இருப்பதன் வேதியியல் இவ்வளவுதான்.

ஆனால் ஒரு வாடையை யார் சகித்துக்கொள்ள வேண்டும், யார் மறைத்துக்கொள்ள வேண்டும் என்பதை வேதியியல் தீர்மானிப்பதில்லை. பெருங்காயத்தின் நெடியும் மாடிப்படியில் இறங்கித்தான் வருகிறது. அதற்காக யாரும் சாவியைத் திரும்பக் கேட்டதில்லை. பழந்தமிழில் 'நாற்றம்' என்றால் மணம். பூவுக்கு நாற்றம் உண்டு என்று பெருமையாகச் சொன்ன மொழி இது. இன்று அதே சொல் வசையாக நிற்கிறது.

சொற்களை இன்னும் கொஞ்சம் பாருங்கள். சைவம் என்பது ஒரு சமயத்தின் பெயர். அது காய்கறி உணவின் பெயராகிவிட்டது. மற்றதெல்லாம் 'அசைவம்'. அதாவது, 'அது அல்லாதது'. 2014-ன் மாதிரிப் பதிவு ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதைக் கடந்தவர்களில் 97 விழுக்காட்டுக்கும் மேல் மீனோ இறைச்சியோ முட்டையோ உண்பவர்கள். 97 பேரின் உணவுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இல்லை. மூன்று பேரின் உணவுக்கு எதிர்ச்சொல்லாகத்தான் அது அழைக்கப்படுகிறது. பெரும்பான்மைக்குச் சிறுபான்மையின் சமையலறை எப்படி அளவுகோல் ஆனது? எண்ணிக்கையால் அல்ல, சாதி அடுக்கில் இருக்கும் உயரத்தால்தான்.

உணவை வைத்துக் கோடு கிழிப்பது இங்கு மிகப் பழைய வேலை. தீண்டாமையின் தோற்றம் குறித்து 1948-ல் வெளியிட்ட நூலில் பாபாசாகேப் அம்பேத்கர் மாட்டிறைச்சி உண்பதை மையமாக வைத்தே தன் விளக்கத்தைக் கட்டினார். மீன் மாட்டிறைச்சி அல்ல, மீன் உண்போர் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். அதனால்தான் வாடகைக்கு விடுபவருக்கு அது வசதியாக இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான விதி போலத் தோன்றும், நடைமுறையில் சிலரை மட்டும் வெளியே நிறுத்தும். ஆதிக்கச் சாதிக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மீன் பொரித்தால் அது "பசங்க ஆசைப்பட்டாங்க". நாம் பொரித்தால் அது ஒப்பந்த மீறல்.

1955

மீண்டும் அந்த வருடத்துக்குப் போவோம். தோஷிபாவின் குக்கர் வந்த 1955-ல்தான் இந்தியாவில் தீண்டாமை குற்றங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜூன் 1 முதல். அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்ததாக அறிவித்தது. அதற்குத் தண்டனை என்னவென்று சொன்ன சட்டம் இது. 1976-ல் திருத்தப்பட்டு, குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. உணவகத்தில் பாத்திரத்தைப் பயன்படுத்துவதைத் தீண்டாமையின் பெயரால் தடுப்பது குற்றம் என்று அதன் 4-ஆம் பிரிவு சொல்கிறது. இரட்டைக் குவளைக்கு எதிராக நாம் காட்டுவது இதைத்தான். அதே பிரிவில், எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவதையோ வாங்குவதையோ அதில் குடியிருப்பதையோ தடுப்பதும் குற்றம் என்று இருக்கிறது. நம் மாணவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வரி தெரியாது.

சட்டம் ஒரு கேள்வியைக் குற்றமாக்கினால், அந்தக் கேள்வி வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகக் கேட்கத் தயங்குகிறவர் "நீங்க சைவமா?" என்று கேட்கிறார். ஜப்பானிலும் இதுவே நடந்தது. தோல், இறைச்சித் தொழில்களோடு பிணைத்து ஒதுக்கப்பட்ட புராக்கு மக்களின் இழிநிலையை 1871-ல் ஓர் அரசாணை ஒழித்தது. 1922-ல் அவர்கள் கியோட்டோவில் சுய்ஹெய்ஷா என்ற தங்கள் இயக்கத்தைக் கட்டினார்கள். ஆனால் நூறு வருடம் கழித்து, 1975-ல், புராக்கு மக்கள் வாழும் ஊர்ப் பெயர்களின் பட்டியலை நிறுவனங்கள் இரகசியமாக விலைகொடுத்து வாங்கி, வேலைக்கு ஆள் எடுக்கப் பயன்படுத்தியது அம்பலமானது. அங்கே முகவரி, இங்கே சட்டி.

நீதிமன்றங்களும் நமக்கு எப்போதும் துணை நின்றதில்லை. 2005-ல் சொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், ஒரு சங்கம் தன் உறுப்பினர்களை ஒரு சமூகத்தாருக்குள் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியார் கதவுக்குப் பின்னால் சமத்துவம் எவ்வளவு தூரம் நுழையும் என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. டெல்லியிலும் அதன் சுற்றுநகரங்களிலும் வாடகை வீட்டுச் சந்தையை ஆராய்ந்து சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் 2015-ல் வெளியிட்ட ஆய்வு, தலித்துகளும் முஸ்லிம்களும் வீடு மறுக்கப்படுவதைப் பதிவுசெய்தது. 2018 டிசம்பரில் சென்னையின் பெயர்பெற்ற தொழில்நுட்பக் கல்வி நிலையம் ஒன்றின் உணவகத்தில் சைவர்க்கும் அசைவர்க்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. மாணவர்கள் எதிர்த்தார்கள், அறிவிப்பு அகற்றப்பட்டது. எதிர்க்காவிட்டால் இருந்திருக்கும்.

அந்த மாணவிக்கு என்ன சொல்வது?

எங்களுக்குள் இதைப் பற்றி நிறையப் பேசினோம். "வாடை வராமல் செய்வது பணிந்துபோவது" என்றார் ஒருவர். "அறையை இழந்து படிப்பை விட்டால் யாருக்கு நட்டம்?" என்றார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை உண்டு. முதல் தலைமுறையாகப் பட்டணத்துக்கு வந்த பதினெட்டு வயதுப் பெண்ணின் தோளில் சாதி ஒழிப்பு முழுவதையும் ஏற்றிவைத்துவிட்டு நாம் வேடிக்கை பார்க்க முடியாது. பிழைத்திருப்பதும் போராட்டத்தின் பகுதிதான். அதே சமயம், ஒளிந்து தின்பதை வெற்றி என்று கொண்டாடிய நாங்கள் ஒன்றைத் தவறவிட்டோம். வாடையை அடக்கியது நாங்கள். வீட்டுக்காரர் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. எங்களுக்குப் பிறகு அதே அறைக்கு வந்தவருக்கும் அதே நிபந்தனையைத்தான் சொல்லியிருப்பார்.

அதனால் இப்போது செய்முறையோடு சேர்த்து இன்னும் சிலவற்றையும் சொல்கிறோம். அறை மறுக்கப்பட்டால் தேதி, இடம், சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றே எழுதிவையுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லும் நிபந்தனையை எழுதச் சொன்னால் பலர் தயங்குவார்கள், அந்தத் தயக்கமே ஒரு சாட்சி. 4-ஆம் பிரிவைப் படியுங்கள். தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள், கூட்டாக வாருங்கள். விடுதி இடங்களை அதிகமாக்கு, இருக்கிற விடுதிகளைச் சரிசெய் என்று அரசிடம் கேட்பதும் இதே போராட்டம்தான். நல்ல விடுதி இருந்தால் நம் பிள்ளைகள் எவர் படியிலும் நின்று தலையாட்ட வேண்டியதில்லை.

செய்முறையையும் முழுதாகச் சொல்லிவிடுகிறோம். ரேஷன் புழுங்கலரிசி வேக நேரம் பிடிக்கும், ஆகவே மீனை முதலிலேயே வைக்காதீர்கள், குழைந்துவிடும். சோறு முக்கால் பதம் வந்த பிறகு வையுங்கள். துளையுள்ள தட்டு என்றால் மீன்நீர் சோற்றில் சொட்டும், அதனால் இலையில் மடியுங்கள் அல்லது சின்னத் தட்டு வையுங்கள். மீன் மட்டும் அவிக்க வேண்டுமென்றால் அடியில் இரண்டு குவளைத் தண்ணீர் போதும். தண்ணீரின் அளவுதான் கடிகாரம். ஃபுமிகோ தேடிக் கண்ட கணக்கு அது. முள்ளோரத்துச் சதை வெள்ளையாகி எளிதில் பிரிந்தால் வெந்துவிட்டது.

போன மாதம் அந்த மாணவி எங்களை அறைக்கு அழைத்திருந்தார். மத்தி வாங்கி வைத்திருந்தார். குக்கரை எடுக்கப்போனவரிடம் உடன் தங்கியிருக்கும் தோழி, "இன்னைக்குப் பொரிப்போமாடி?" என்றார். இருவரும் மேலே ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஜன்னலை நன்றாகத் திறந்துவைத்துவிட்டு, பக்கத்து அறையில் இருந்த இன்டக்ஷன் அடுப்பை வாங்கிவந்து தோசைக்கல்லை வைத்தார்கள்.

மேலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. வந்திருந்தால் பேச நாங்கள் ஆறு பேர் இருந்தோம்.

ஜெய் பீம்.